சாய்ந்த சுவரும் சட்டமும்: பொறியியலாளரின் குற்றப்பொறுப்பு பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

கல்முனைக் கரையிலிருந்து மேற்கு நோக்கிச் செல்வோர் முதலில் வயல்வெளியையும் பின்னர் மலைகளையும் காண்பர். அம்மலைகளிடையே, இங்கினியாகலையில், 1949ஆம் ஆண்டு தொடங்கி 1951ஆம் ஆண்டளவில் கட்டிமுடிக்கப்பெற்ற அணையொன்று ஏறத்தாழ 770,000 ஏக்கர் அடி நீரைத் தாங்கி நிற்கின்றது. சேனநாயக்க சமுத்திரம் என வழங்கும் அந்நீரே சம்மாந்துறை, நிந்தவூர், அக்கரைப்பற்று முதலிய ஊர்களின் வட்டைகளுக்கு உயிர்நாடி. மாரி மிகுந்து வான்கதவு திறக்கப்படும் என்ற அறிவித்தல் வருங்கால் அந்நீரே அச்சத்துக்கும் காரணமாகின்றது. அணையின் உறுதியைக் கணித்தவர் யார், அதனைக் காலந்தோறும் பார்த்து வருபவர் யார் என்பதை நாம் அறியோம். எனினும் அவர்களை நம்பியே இரவில் உறங்குகின்றோம்.

அந்நம்பிக்கை பொய்த்துப் பலர் மாண்டால், கணித்தவரையும் பார்த்தவரையும் சட்டம் என் செய்யும்? நட்டஈடு கோரும் குடியியல் வழக்கு ஒருபுறம் இருக்க, அவரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தி மறியலுக்கு அனுப்பலாமா? இவ்வினா புதியதன்று, மனிதன் வீடு கட்டவும் நீரைத் தேக்கவும் தொடங்கிய நாள்தொட்டே எழுந்துள்ளது. அதற்குப் பல்வேறு காலத்தாரும் இறுத்த விடைகளை ஒருங்கு வைத்து நோக்கின், அவற்றினூடே ஓர் இழை ஓடுதல் புலனாகும். அதனைக் காட்டுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வினாவை எம் மாகாணத்தவர் ஏட்டில் மட்டும் கண்டவரல்லர். 1986ஆம் ஆண்டு ஏப்ரல் 20ஆம் நாள் விடியுமுன், ஊர் உறங்கிக்கொண்டிருந்த வேளையில், கந்தளாய்க் குளத்தின் கட்டு உடைத்துக்கொண்டது. ஏறத்தாழ 50 அடி உயரமும் 14,000 அடி நீளமும் கொண்ட அக்கட்டு வழியே பாய்ந்த வெள்ளத்தில் நூற்றிருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் அழிந்தன. இக்குளத்தைக் கட்டுவித்தவன் இரண்டாம் அக்கபோதி மன்னன் என்பது வரலாற்றாசிரியர் கூற்று. குளக்கோட்டு மன்னன் என்பது திருகோணமலைத் தமிழர் மரபு. எவ்வாறாயினும் பன்னூறாண்டு நின்ற கட்டு அது. அது உடைந்ததற்குச் சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று, பெரும் பாரம் ஏற்றிய வாகனங்கள் அதன்மேல் ஓடியமையாகும்.

இதனைச் சிறிது ஆராய்வாம். இத்தகைய வாகனங்களை அறியாத காலத்திற் கட்டிய மன்னன்மீது பழி ஏற்றுதல் இயலாது. வாகனம் ஓட்டியவன் கட்டின் வலிமையை அறியான். அவ்வழியே ஓட இசைந்தவர், கட்டைப் பேணும் கடமை பூண்டவர், பேணுதற்குப் பணம் ஒதுக்க வேண்டியவர் எனப் பல கைகள் இடையே நிற்கின்றன. கொலைக்குற்றத்தில் கத்தியைப் பிடித்த கை ஒன்றே. கட்டு உடைந்தாலோ, கைகள் பலவாகி, ஒவ்வொரு கையும் மற்றொன்றைச் சுட்டும். பொறியியலாளரின் குற்றப்பொறுப்பு என்னும் பொருளின் முதற் சிக்கல் இதுவே.

பண்டையோர் இச்சிக்கலை வெட்டி எறிந்தனர். இற்றைக்கு ஏறத்தாழ 3,750 ஆண்டுகளுக்கு முன்னர் பாபிலோனை ஆண்ட அம்முராபியின் சட்டத்தில், கட்டிய வீடு இடிந்து வீட்டுக்காரன் இறந்தால் கட்டியவன் கொல்லப்படுவான். வீட்டுக்காரனின் மகன் இறந்தால் கட்டியவனின் மகன் கொல்லப்படுவான். பொருள் அழிந்தால் அதனை ஈடுசெய்து, வீட்டையும் தன் செலவிற் கட்டித்தரல் வேண்டும். கட்டியவன் கவனமாய் இருந்தானா, பிழை அவனுடையதா, நிலத்தினுடையதா என்ற வினாவே அங்கு எழவில்லை. விளைவு ஒன்றே குற்றத்தை நிறுவிற்று. குற்றமற்ற மகன் தந்தையின் சுவருக்காக மாளும் அந்நீதியை இன்று எவரும் ஏற்கார். ஆயினும் கட்டுவோன் பிறர் உயிருக்குப் பிணை நிற்கின்றான் என்ற உணர்வு அதில் உண்டு என்பதை மறுத்தல் ஆகாது.

பாரத நாட்டில் கௌடிலியரின் அர்த்தசாத்திரம் வேறொரு திசையில் நோக்கிற்று. நீர் நிறைந்த அணையை உடைத்தவனை அந்நீரிலேயே அமிழ்த்திக் கொல்க என்றும், நீரற்ற அணையாயின் உயர்ந்த தண்டமும், பாழடைந்து கைவிடப்பட்டதாயின் இடைத்தர தண்டமும் விதிக்க என்றும் அந்நூல் கூறும். ஒரே செயலுக்கு மூன்று தண்டங்கள். அச்செயலால் மாந்தர்க்கு நேரக்கூடிய இடரின் அளவே தண்டத்தின் அளவாயிற்று. எனினும் இது வேண்டுமென்றே உடைத்தவனைப் பற்றியதேயன்றிப் பிழைபடக் கட்டியவனைப் பற்றியதன்று.

சோழநாட்டார் தண்டத்தினும் கணக்கையே பெரிதாகக் கொண்டனர் எனலாம். முதலாம் பராந்தகன் காலத்து, 919ஆம், 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்த உத்தரமேரூர்க் கல்வெட்டுகள், ஏரியைப் பேணும் ஏரி வாரியம் முதலிய வாரியங்களுக்கு உறுப்பினரைக் குடவோலை வழித் தெரிந்தெடுக்கும் முறையை விரித்துரைக்கின்றன. முன்னர் வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினரும் மீண்டும் தெரிவுக்கு உரியரல்லர் என்பது அங்குள்ள விதி. குளம் உடைந்த பின் எவரைத் தண்டிப்பது என ஆராய்வதிலும், உடையுமுன் அதனைப் பேணியவர் தம் செயலுக்குக் கணக்குக் காட்டினரா என ஆராய்வது நன்றென அவர் கண்டனர் போலும்.

எம் பகுதி முஸ்லிம்கள் ஷாபிஈ வழியினர். எனினும் ஹனபீ வழியின் பெருநூலாகிய ஹிதாயாவில் உள்ள சாய்ந்த சுவர் பற்றிய விதி இப்பொருளுக்கு மிக இயைபுடையது. கி.பி. 12ஆம் நூற்றாண்டில் புர்ஹானுத்தீன் மர்கீனானி இயற்றிய அந்நூல் கூறுவது இது: ஒருவனது சுவர் பொதுத்தெருப் பக்கம் சாய்ந்துள்ளது. வழிச்செல்வோர் அதனை இடிக்குமாறு அவனிடம் கோரி, அக்கோரிக்கைக்குச் சாட்சியும் வைக்கின்றனர். இடித்தற்குப் போதிய காலம் இருந்தும் அவன் வாளாவிருக்க, சுவர் விழுந்து ஒருவன் இறந்தால், அவன் தரப்பினர் இரத்தப்பணம் இறுக்கக் கடவர். கோரிக்கை எழுமுன் விழுந்தால் பொறுப்பில்லை. ஆனால் தொடக்கத்திலேயே சாய்வாகக் கட்டியிருந்தால், எச்சரிக்கை எதுவும் வேண்டாமலே பொறுப்பு உண்டு.

இவ்விதி விதிப்பது ஈடேயன்றித் தண்டனையன்று. அது சுட்டுவது சுவருக்குரியவனையேயன்றிக் கொத்தனை அன்று. ஆயினும் இதன் நுட்பத்தை நோக்குக. காலத்தால் நேர்ந்த தளர்ச்சியும் கட்டும்போதே செய்த தவறும் இங்குப் பிரிக்கப்பட்டுள்ளன. முன்னதில் பொறுப்பைப் பிறப்பிப்பன மூன்று: எச்சரிக்கை, திருத்துதற்குரிய ஆற்றலும் காலமும், எச்சரிக்கை நிகழ்ந்ததற்குச் சாட்சி. விளைவை மட்டும் நோக்கிய அம்முராபியின் நீதிக்கும் இதற்கும் உள்ள தூரம் மிகப் பெரிது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இரும்பும் நீராவியும் பொறியியலாளர் என்ற தனித் தொழிலாளரைத் தோற்றுவித்தன. ஸ்கொத்லாந்தின் டே ஆற்றின் மேல் அமைந்த நெடும்பாலம் 1879ஆம் ஆண்டு டிசம்பர் 28ஆம் நாள் இரவு புயலில் முறிந்து, புகைவண்டியோடு அதிலிருந்தோர் அனைவரையும் ஆற்றில் வீழ்த்திற்று. வரைந்தவரும் கட்டுவித்தவருமாகிய தோமஸ் பௌச் மீதே பெரும்பழி சாரும் என விசாரணையாளர் கண்டனர். அவர்மீது குற்ற வழக்கு எதுவும் தொடரப்படவில்லை. அடுத்த ஆண்டிலேயே பெயர் கெட்டு மறைந்தார். அந்நாளில் பெருமக்கட்குத் தண்டனை அவமானமே.

இதற்குச் சில ஆண்டுகள் கழித்தே, 1883ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமாக இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவை இயற்றப்பட்டது. அதன் 298ஆம் பிரிவு, குற்றமுறு கொலையாக அமையாத, முன்பின் பாராத அல்லது கவனயீனமான செயலால் ஒருவருக்கு மரணம் விளைவிப்போர் ஐந்தாண்டு வரை மறியலோ குற்றப்பணமோ இரண்டுமோ பெறுவர் என்கின்றது. வீதி விபத்துகளிற் பெரிதும் கேட்கப்படும் இப்பிரிவு, பொறியியலாளருக்கும் வைத்தியருக்கும் வண்டியோட்டிக்கும் ஒன்றே. அக்கோவையே மற்றோரிடத்தில், சட்டத்துக்கு அமைந்த செயலைத் தக்க கவனத்தோடும் எச்சரிக்கையோடும் செய்யுங்கால் தற்செயலாய் நேரும் தீங்கு குற்றமாகாது எனவும் காக்கின்றது. ஆகவே எமது சட்டத்தில் வினா முழுவதும் ‘தக்க கவனம்’ என்ற இரு சொற்களில் அடங்கிவிடுகின்றது.

தக்க கவனம் எதுவென்பதை ஆங்கில நீதிமன்றங்கள் 1925ஆம் ஆண்டில் ஒரு வைத்தியரின் வழக்கிலும் 1937ஆம் ஆண்டில் ஒரு வாகன ஓட்டியின் வழக்கிலும் ஆராய்ந்தன. நட்டஈட்டுக்குப் போதிய கவனயீனம் குற்றத்தீர்ப்புக்குப் போதாது, உயிரைப் பொருட்படுத்தாமை என்று சொல்லத்தக்க அளவு மிக்கதாய் இருத்தல் வேண்டும் என்பதே அவை கண்ட முடிபு. இந்திய உச்ச நீதிமன்றமும் வைத்தியர் பற்றிய வழக்கொன்றில் 2005ஆம் ஆண்டில் இதனையொத்த நெறியைக் கைக்கொண்டது. ஆனால் வைத்தியரின் பிழை ஒருவரைக் கொல்லும். அணை கட்டுவோரின் பிழை ஓர் ஊரைக் கொல்லும். இவ்வேறுபாட்டை விளக்க இரு நிகழ்ச்சிகளை ஒப்பிடுதல் தகும்.

முதலாவது, அமெரிக்காவின் கலிபோர்ணியாவில் 1926ஆம் ஆண்டு முடிவுற்ற சென் பிரான்சிஸ் அணை. 1928ஆம் ஆண்டு மார்ச் 12ஆம் நாட் காலையில் அணைக் காவலர் புதியதொரு கசிவைக் கண்டு அறிவித்தார். லொஸ் ஏஞ்சலிஸ் நகருக்கு நீர் கொணர்ந்த பெரும் பொறியியலாளர் வில்லியம் மல்ஹொலந்து நேரில் வந்து பார்த்து, ஆபத்தில்லை எனக் கூறிச் சென்றார். அன்று நள்ளிரவுக்குச் சில நிமிடங்கள் முன்னதாக அணை தகர்ந்தது. நானூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மரண விசாரணையில் அவர் எவர்மீதும் பழி போடாது, பிழை மனிதப் பிழையாயின் அம்மனிதன் தானே என ஏற்றார். யூரர் அவரைக் குற்ற வழக்குக்கு உட்படுத்தவில்லை. எத்துணைப் புகழ் வாய்ந்தவராயினும் தனியொருவரின் தீர்ப்பை நம்பி இத்தகைய அணையைக் கட்டலாகாது என்றே முடிவு கூறினர். 1929ஆம் ஆண்டில் அணைகளை அரசு மேற்பார்வை செய்யவும் பொறியியலாளரைப் பதிவு செய்யவும் அங்குச் சட்டங்கள் எழுந்தன. அணையின் ஒருபுறம் பழைய மண்சரிவொன்றின்மேல் ஊன்றியிருந்தது என்பதைப் புவியியலறிஞர் பன்னாட் கழித்தே தெளிவுறக் காட்டினர்.

இரண்டாவது, இத்தாலியின் வஜோந்த் அணை. ஏறத்தாழ 262 மீற்றர் உயர்ந்த அவ்வணை 1960ஆம் ஆண்டளவில் முடிவுற்றது. அவ்வாண்டு நவம்பரிலேயே நீரோரத்து மலைச்சரிவின் ஒரு பகுதி நீரில் வீழ்ந்தது. மலையின்மேல் இரண்டு கிலோமீற்றர் அளவு நீண்ட வெடிப்பும் தோன்றிற்று. மலை நகர்வதைக் கட்டியவர்களின் கருவிகளே அளந்து காட்டின. மலை சரியும் என முன்னரே எழுதிய தீனா மெர்லின் என்னும் பத்திரிகையாளர்மீது பொய்ச்செய்தி பரப்பியதாக வழக்குத் தொடரப்பட்டது. நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. மாதிரிச் சோதனையொன்றின் முடிவைக் கொண்டு, கடல்மட்டத்துக்கு மேல் 700 மீற்றர் வரை நீர் நிற்பதில் ஆபத்தில்லை எனக் கருதினர். 1963ஆம் ஆண்டு ஒக்ரோபர் 9ஆம் நாள் இரவு நீர்மட்டம் ஏறத்தாழ அவ்வளவில் நின்றபோதே, 26 கோடிக் கனமீற்றர் அளவுள்ள மலைப்பகுதி நீர்த்தேக்கத்தில் சரிந்தது. எழுந்த அலை அணையைத் தாண்டிப் பாய்ந்து லொங்கரோனே முதலிய ஊர்களை அழித்தது. ஏறத்தாழ 2,000 பேர் மாண்டனர். அணையோ உடையவில்லை, இன்றும் நிற்கின்றது.

வழக்கு 1968ஆம் ஆண்டில் தொடங்கிற்று. தொடங்குமுன்னரே குற்றஞ்சாட்டப்பட்ட பொறியியலாளர் ஒருவர் தம்முயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். 1971ஆம் ஆண்டில் மேல்மன்றம் இறுதியாகக் குற்றவாளிகள் எனக் கண்டவர் இருவரே. அவருள் தலைமைப் பொறியியலாளருக்கு ஐந்தாண்டுத் தண்டனை விதிக்கப்பட்டு, அதில் மூன்றாண்டு பொதுமன்னிப்பிற் கழிந்தது.

இரண்டு நிகழ்ச்சிகளிலும் கற்றறிந்தோர் பிழைத்தனர். இரண்டிலும் நூற்றுக்கணக்கிலும் ஆயிரக்கணக்கிலும் மாந்தர் மாண்டனர். எனினும் ஒன்றில் குற்றம் இல்லையெனவும் மற்றொன்றில் உண்டெனவும் முடிந்தது ஏன்? முன்னதில் பிழையின் வேர் அந்நாளைய அறிவுக்கு எட்டாத நிலத்தடியில் இருந்தது. எச்சரிக்கை வந்தபோது அவர் வந்து பார்த்தார், பார்த்தும் தவறினார். பின்னதில் மலை மூன்றாண்டுகள் பேசிற்று. கட்டியவரின் கருவிகளே அதனைக் கேட்டன. கீழே வாழ்ந்தோர்க்கு மட்டும் ஒன்றும் சொல்லப்படவில்லை. சாய்ந்த சுவரின் விதி ஈண்டு நினைவுக்கு வருகின்றதன்றோ? சட்டம் தண்டிக்கத்தக்கது அறியாமையை அன்று; அறிந்தும் வாளாவிருந்தமையையே. மல்ஹொலந்தின் வழக்கு இவ்விரண்டின் எல்லைக்கோட்டில் நிற்பது என்பதையும் ஒப்புக்கொள்ளல் வேண்டும். பகலிற் கண்ட கசிவு இரவில் உயிர் குடித்தது. கீழேயுள்ளோரை எழுப்பியிருப்பின் பலர் பிழைத்திருப்பர்.

தமிழ்நாட்டு நிகழ்ச்சியொன்று இப்பொருளின் வேறொரு முகத்தைக் காட்டும். 2004ஆம் ஆண்டு யூலை 16ஆம் நாள் கும்பகோணத்துப் பாடசாலையொன்றிற் பற்றிய தீயில் 94 பிள்ளைகள் மாண்டனர். வழக்கு முடியப் பத்தாண்டுகள் சென்றன. 2014ஆம் ஆண்டு தஞ்சாவூர் நீதிமன்றம் தண்டித்த பதின்மருள் பொறியியலாளர் ஒருவரும் இருந்தார். மேன்முறையீட்டிற் பலர் விடுவிக்கப்பட்டனர். தீ மூட்டியவர் பொறியியலாளர் அல்லர். ஆயினும் பிள்ளைகள் வெளியேற வழியற்ற கட்டடத்தைப் பற்றிய கேள்வி, அக்கட்டடத்தோடு தொழில்முறையில் தொடர்புடையோரை எல்லாம் சென்றடைந்தது. ஒரு சான்றிதழில் இடும் கையொப்பம், பார்த்தேன் என்ற சாட்சியமாகும். பாராது இட்டால் அது வெறும் சோம்பலன்று. பிறர் உயிரை வைத்துக் கூறிய பொய்யாகும்.

இவ்வாறாயின் பிழைத்த பொறியியலாளரை எல்லாம் கூண்டில் ஏற்றுதலே நன்றென்பார் உளர். அதற்கு மாறான நியாயமும் வலியது. தண்டனைக்கு அஞ்சுவோர் கண்ட குறையை எழுத மாட்டார். எழுதாத குறை திருந்தாது. அணையும் பாலமும் இன்றுள்ள உறுதியைப் பெற்றது முன்னோர் தம் பிழைகளை ஒளியாது உரைத்தமையாலே. மேலும், வழக்கு என்பது எப்போதும் கடைசிக் கையொப்பக்காரரை எளிதிற் பற்றும். பேணுதற்குப் பணம் மறுத்தவரையும் விரைந்து முடிக்குமாறு ஏவியவரையும் எட்டுதல் அரிது. ஆதலின் தண்டனை, வரலாறு காட்டும் அம்மூன்றும் ஒருங்கு கூடிய இடத்திலேயே தகும்: எச்சரிக்கை இருந்தது, திருத்தும் ஆற்றல் இருந்தது, இரண்டுக்கும் எழுத்துச் சாட்சி இருந்தது. எழுதி எச்சரித்த சிற்றதிகாரியை அவ்வெழுத்தே காக்கும்; அதனைப் படித்தும் வாளாவிருந்த பேரதிகாரியை அவ்வெழுத்தே காட்டிக்கொடுக்கும்.

குற்றச் சட்டத்தின் எல்லையையும் எம் கரையே காட்டுகின்றது. 2008ஆம் ஆண்டில் வேலை தொடங்கி 2013ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற ஒலுவில் துறைமுகத்தை அறியாதார் இல்லை. இக்கரையில் கடல் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே நகர்த்திச் செல்லும். அலைதடுப்பு அணைகள் குறுக்கே நீண்டபோது மணல் துறைமுகத்தண்டை தேங்கி வாயிலை அடைத்தது. மணல் வராத வடபுறக் கரையைக் கடல் அரித்தது. ஒலுவிலிலும் நிந்தவூரிலும் தென்னைகளும் தோணி வலிக்கும் நிலமும் கடலுட் சென்றன. இதில் எவர் தவறினர் எனத் தீர்ப்புக் கூறுதல் எம் பணியன்று. நாம் காண வேண்டுவது இதுவே: இங்கு 298ஆம் பிரிவு வாய் திறவாது. ஏனெனில் அப்பிரிவு மரணம் நேர்ந்த பின்னரே பேசும். ஓர் ஊர் தன் கரையைச் சிறிது சிறிதாக இழப்பதை அளக்கும் கோல் அதனிடம் இல்லை.

ஆகவே, தண்டனைச் சட்டத்துக்கு முன்னே நிற்கும் வேறொரு காவல் வேண்டும். 2017ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டத்தால் இலங்கையில் பொறியியற் பேரவை நிறுவப்பட்டு, பொறியியல் தொழில் புரிவோர் பதிவு பெறல் வேண்டும் என விதிக்கப்பட்டது. கலிபோர்ணியா 1929ஆம் ஆண்டிற் கண்ட வழிக்கு நாம் வர ஏறத்தாழ 90 ஆண்டுகள் சென்றன. தகுதியற்றவரை விலக்கும் ஆற்றல் ஒரு தொழிலார் சபையிடம் இருப்பின், பிணம் விழும்வரை காத்திருக்க வேண்டுவதில்லை. கணக்குக் காட்டாதவனை மீண்டும் ஏரி வாரியத்திற் சேர்க்காத உத்தரமேரூரார் செய்ததும் இதுவே.

ஆயினும் சபையாலும் முற்றும் இயலாது. கட்டின் கசிவை முதலிற் காண்பவர் பெரும்பாலும் பொறியியலாளர் அல்லர். அதன்மேல் நாள்தோறும் நடக்கும் வட்டைவிதானையும் வயற்காரனும் மாடு மேய்ப்பவனுமே. கடல் அரிப்பதை முதலிற் காண்பவன் தோணிக்காரன். ஹிதாயா கூறும் வழிப்போக்கனைப் போன்று இவர்களே சாய்ந்த சுவரைச் சுட்டிக் காட்டக்கூடியவர்கள். இவர்களின் சொல் எழுத்தில் ஏற்கப்பட்டு, இன்ன நாள் இன்னார் அறிவித்தார், இன்னார் பார்த்தார், இன்னது செய்யப்பட்டது எனப் பதியப்படுமாயின், பின்னொரு நாள் நீதிமன்றம் தேடும் சாட்சி அன்றே பிறந்துவிடும். பெரும்பாலும் அந்நீதிமன்றத்துக்கே வேலை இராது.

எம் பாடசாலைகளிலிருந்து ஆண்டுதோறும் மாணாக்கர் பொறியியற் பீடங்களுக்குச் செல்கின்றனர். கணிதத்தில் அவர் பெறும் சித்தியைக் கண்டு ஆசிரியராகிய நாம் மகிழ்கின்றோம். அணை நிற்பதும் விழுவதும் கணிதத்தால் என்பது உண்மையே. ஆனால் அணையின் கீழ் உறங்குவோர் பிழைப்பதும் மாள்வதும், கசிகின்றது என்று ஒரு மாடு மேய்ப்பவன் வந்து சொல்லுங்கால், கோப்பை மூடிவைத்து எழுந்து சென்று பார்க்கும் ஒருவர் அங்கு இருப்பதையும் பொறுத்தது. அத்தகையோரை உருவாக்குதல் எந்தச் சட்டக்கோவையின் பிரிவிலும் இல்லை; அது எம் வகுப்பறைகளின் கடனாகும்.